மூன்றாவது அட்டை

1

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். தட்டு நிறைய மடித்த சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வந்தது எதுவோ அதுதான் அந்த வருடம் முழுவதற்கும் கர்த்தர் நமக்கென்று கொடுத்த வாக்குத்தத்தம். பரீட்சை, கல்யாணம், வீடு கட்டுவது என்று எந்தப் பேச்சு வந்தாலும், "உனக்கு இந்த வருசம் என்ன வசனம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். சரியான வசனம் வராதவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். ஆனால் யாரும் திரும்பப் போட மாட்டார்கள். ஆளுக்கு ஓர் அட்டைதான்.

நான் கனடாவில் வின்னிபெக் நகரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இங்கே நாற்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறு மாலைகளில் ஒரு வாடகை ஹாலில் ஆராதனை நடத்துகிறோம். ஊரில் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகாத நான் இங்கே செயலாளர். அட்டைகளை அச்சடித்து, வெட்டி, மடித்துத் தட்டில் வைப்பதும் என் பொறுப்பு.

இந்த ஜனவரி முதல் தேதி, வெளியே மைனஸ் இருபத்தேழு. என் மகள் எஸ்தருக்குப் பதினேழு வயது. ஆராதனைக்கு அவள் வருவதே வருடத்தில் மூன்று நான்கு தடவைதான். தட்டு அவளிடம் வந்தது. ஒன்றை எடுத்தாள், வாசித்தாள், உதட்டைப் பிதுக்கினாள், மடித்துத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால், "இது என்ன லாட்டரிச் சீட்டா? தேவனோட வார்த்தையில விளையாடாத," என்று சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அப்பா, நீங்களும் திரும்பப் போட்டீங்கல்ல. மூணு தடவ எடுத்தீங்க. அப்ப நான் கிரேட் செவன். டைனிங் டேபிள்ல ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்தேன். நான் பாத்தேன்."

என் மனைவி முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வைப்பரைப் போட்டேன். பனி எதுவும் பெய்யவில்லை.

2

ஐந்து வருடத்துக்கு முந்தைய டிசம்பர் அது.

என் அக்கா பொன்ராணி என்னைவிட ஏழு வயது மூத்தவள். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். தென்காசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அத்தான் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா போனபின் அப்பா அவர்கள் வீட்டில்தான் இருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்காதான். அத்தானுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதால் கனம் தூக்கக் கூடாது.

அந்த டிசம்பரில் அக்கா போன் செய்தாள். மார்பில் ஒரு கட்டி. திருநெல்வேலியில் பார்த்த டாக்டர், தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும், அதன்பின் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"மூணு மாசம் வாலே," என்றாள். "அப்பாவ மட்டும் நீ பாத்துக்க. சம்பளத்துக்கு வெச்ச ஆளு ரெண்டு பேரும் ஒரு வாரத்துல ஓடிட்டானுவ. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருதேன்."

அக்கா அதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான் சொன்ன பதில்: "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்க்கா."

எங்கள் ஆட்களிடம் பழகியவர்களுக்கு இது தெரியும். இல்லை என்று சொல்ல வாய் வராதவன், ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்பான். அக்காவுக்கு மட்டும் அது அப்படியில்லை. ஜெபம் என்றால் அவளுக்கு ஜெபம்தான். சரி என்று போனை வைத்துவிட்டாள்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் வெட்டி முடித்த அட்டைகள் மேஜையில் குவிந்து கிடந்தன. கண்ணை மூடி, ஆண்டவரே நான் போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டு ஒன்றை எடுத்தேன். யாக்கோபை அவன் ஊருக்கும் இனத்தாரிடத்துக்கும் திரும்பிப் போகச் சொல்கிற வசனம். வேர்த்துவிட்டது. சரியாக ஜெபிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைக் குவியலில் போட்டுக் கலக்கினேன். இரண்டாவது, தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்வது. அதையும் போட்டேன். மூன்றாவது, இருக்கிற தேசத்திலேயே குடியிருக்கச் சொல்வது.

அதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே ஒரு வரி: "கர்த்தர் இப்படிப் பேசினார் அக்கா."

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. "அவர் சொல்லிட்டாருன்னா சரி. நீ மனசப் போட்டு உழப்பாத. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன். என் காரியத்த அவர் பாத்துக்கிடுவாரு."

அவள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள். எட்டு மாதம் கழித்து அப்பா இறந்தார்.

3

ஏன் போகவில்லை என்பதற்கு இத்தனை வருடமும் என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இந்த நாட்டில் இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. வெளியே போன ஒவ்வொரு நாளையும் தேதி போட்டு, காரணம் போட்டு படிவத்தில் நிரப்ப வேண்டும். மூன்று மாதம் போனால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். கெட்டுப்போகாது. மூன்று மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கொஞ்சம் நெருங்கியவர்களிடம், வேலை போய்விடும் என்றேன். அதுவும் பொய். லீவு தருவார்களா என்று நான் மேனேஜரிடம் கேட்கவே இல்லை. கேட்டுக் கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

எஸ்தர் காரில் சொன்னதிலிருந்து மூன்றாவதாக ஒரு காரணம் எழும்பி வந்து என் முன்னால் நிற்கிறது. அக்கா அந்தப் போன் செய்ததற்கு முந்தின வருடம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வரும் முன்னே ஒருநாள் அப்பா படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார், பேச்சு வரவில்லை. இடக்கையால் வேட்டியை இழுத்து மூடப் பார்த்தார். நான் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டு, கொல்லைக் குழாயடியில் போய் நின்றுகொண்டேன். அவள் பஸ் பிடித்து வரும்வரை, முக்கால் மணி நேரம், அவர் அப்படியே கிடந்தார். வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், "என்னப்பா, நம்ம கனடா மாப்பிள்ளைக்கு வேல வெச்சிட்டீயளா?" என்று அவரிடம் கேலி பேசிக்கொண்டே துடைத்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மாதம், தினமும், அது என் வேலையாக இருக்கும் என்று நினைத்தபோதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதற்காகத்தான் போகவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கி, செத்து நாறும் எலியைக் கையுறை போட்டு அள்ளுகிறவன் நான். பெற்ற தகப்பனைத் தொட அருவருத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அப்பா இறந்தபோது மேனேஜருக்கு ஊர் இங்கிலீஷில் "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்" என்று மெயில் அனுப்பினேன். அந்த ஆளுக்குப் புரியவில்லை. அப்பாவின் விசாவா, இன்ஷூரன்ஸா, எது காலாவதி ஆனது என்று கேட்டார். செத்துப்போனார் என்று போனில் சொன்னதும் பதறி மன்னிப்புக் கேட்டு, உடனே கிளம்பு என்றார். பத்து நாள் போய்விட்டு வந்தேன். நான் விமானம் ஏறிய அதே வாரம் அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தாள். கட்டி அதற்குள் அக்குளுக்குப் பரவியிருந்தது. எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், மூன்று வருடம் ஓடியது. இப்போது எலும்புக்கு வந்துவிட்டது.

இந்த ஐந்து வருடமும் மாதந்தோறும் நான் திருவிருந்து எடுத்திருக்கிறேன். பாவ அறிக்கையை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

4

திருவிருந்து என்றதும் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் கொடுப்பது. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் ஒப்புரவாகிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அம்மா கண்டுகொள்வாள். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அடுக்களை வாசலில் எங்களை நிறுத்துவாள். ஒருவரையொருவர் பார்த்து, "எம்மேல குறை இருந்தா மன்னிச்சிரு," என்று சொல்ல வேண்டும். மற்றவர் "மன்னிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பேப்பரை மடிக்காமலே சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். நான் சொல்லும்போது அக்கா மன்னித்துக்கொண்டே தொடையில் கிள்ளுவாள்.

எனக்கு ஒன்பது வயதில் அவளுடைய கணக்கு நோட்டில் பாதியைக் கிழித்துக் கப்பல் விட்டுவிட்டேன். பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் வழக்கம்போல் ஒப்பித்தேன். அக்கா வாயைத் திறக்கவில்லை. அப்போது அவளுக்குப் பதினாறு, திடப்படுத்தல் என்கிற சடங்கு முடிந்து திருவிருந்து எடுக்கிறவள். மறுநாள் கோயிலில் எல்லாரும் எழுந்து போனபோது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். ஐயர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "மன்னிக்காம மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லிட்டுப் போவச் சொல்லுதீயளா ஐயரே?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த திருவிருந்து முடிந்து வீட்டுக்கு வந்து என் தலையில் ஒரு கொட்டு வைத்து, "ஏலே, இன்னைக்குப் போனேன்," என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

5

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியதும் இரண்டு வாரம் லீவு போட்டுத் தென்காசிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதி ஆள்தான் இருந்தாள். குரல் மட்டும் குறையவில்லை.

"என்னலே, முன்தலை இப்படி வெளுத்துப் போச்சு? எனக்காவது மருந்துல முடி போச்சு. உனக்கு என்ன கேடு?"

நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவள் தலையணைப் பக்கத்தில் வேதபுத்தகம், அதற்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் முனை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். நான் அனுப்பிய போட்டோ. என் அட்டை, என் கட்டைவிரல் நகம்கூட ஓரத்தில் தெரிந்தது. அச்சடித்து லேமினேட் செய்திருந்தார்கள்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது அத்தான் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். அவர் அதிகம் பேசாத மனுஷன். மெஷினில் காகிதம் ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே பேசினார்.

"அத ரெண்டு தடவ லேமினேட் பண்ணியாச்சு மாப்ளே. மொத ஒண்ணு ஆஸ்பத்திரியில ஓரம் பிரிஞ்சிட்டு. 'ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க, எட்டு மாசம் முன்ன வந்திருந்தா எவ்வளவோ செஞ்சிருக்கலாமே'ன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. இவ என்ன செஞ்சா தெரியுமா? அந்த அட்டைய எடுத்துக் காட்டி, 'கர்த்தர் வெச்ச நேரம் டாக்டர், நானா தள்ளிப்போடல'ன்னா. நானா இருந்தா இடிஞ்சு போயிருப்பேன். அந்த ஒத்த வார்த்தையிலதான் மாப்ளே அவ நிக்கா."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

என் பாரத்தை இறக்கிவைக்க, அவள் ஊன்றி நிற்கிற கம்பைப் பிடுங்கலாமா? அவள் இன்னும் எத்தனை நாளோ. சமாதானமாகப் போகட்டுமே என்று ஒரு மனம். அது அவளுக்காகச் சொல்கிற மனமா, இந்தத் தடவையும் குழாயடியில் போய் நின்றுகொள்ளப் பார்க்கிற மனமா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று நாள் அப்படியே போனது. தினமும் காலையில் அவள் அந்த அட்டை இருக்கிற பக்கத்தைத் திறந்து ஜெபிப்பதைப் பார்த்துக்கொண்டே காபி ஆற்றிக் கொடுத்தேன்.

6

சனிக்கிழமை மத்தியானம் அக்கா குற்றாலத்துக்குப் போக வேண்டும் என்றாள்.

"இப்ப என்னக்கா இருக்கு அங்கன? தண்ணியே இருக்காதே."

"தண்ணி இல்லாத குத்தாலம்தான் நமக்கு. சீசன்ல வெளியூர்க்காரனுக்கு நடுவுல நான் எங்கன நிக்க?"

ஆட்டோவில் மெதுவாகக் கூட்டிப்போனேன். பேரருவியில் ஒரு ஓரமாகத்தான் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் நான்கைந்து பேர் முறை வைத்துக் குளித்தார்கள். சீசனில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பாறைச் செதுக்கல்கள் எல்லாம் வெயிலில் தெரிந்தன. எண்ணெய்க் கடைகள் பாதி மூடிக்கிடந்தன. நிழலான ஒரு படியில் அவளை உட்காரவைத்து, முதுகுக்குத் துண்டைச் சுருட்டி வைத்தேன்.

"ஏலே, நாளைக்குத் திருவிருந்து. இன்னைக்குச் சனிக்கிழமை."

"ஆமாக்கா."

"அம்மா இருந்தா நிறுத்தியிருப்பா. நானே சொல்லிருதேன்." என் பக்கம் திரும்பினாள். "உங்கிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

"எங்கிட்டயா?"

"அப்பாவப் பாத்துக்க உன்னக் கூப்பிட்டேன்ல. நீ ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்னு சொன்ன. அந்த மூணு வாரமும் உன்ன நான் மனசுக்குள்ள வைஞ்சேன்டா. வரமாட்டான், சாக்குச் சொல்லுதான், சுயநலக்காரன்னு. அப்பாவத் துடைக்கும்போதெல்லாம் வைஞ்சேன். அப்புறம் அந்த வசனம் வந்துச்சு. கர்த்தரே உன்ன அங்கன இருக்கச் சொல்லியிருக்காரு, நான் கெடந்து உன்னப் பழிச்சிருக்கேன். அது இத்தன வருசமா எனக்கு உறுத்துது. எம்மேல குறை இருந்தா மன்னிச்சிரு."

கைகூப்பினாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"நீ வைஞ்சது சரிதான்க்கா," என்றேன். "அது மூணாவது அட்டை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேஜை, குவியல், இரண்டு அட்டைகளைத் திரும்பப் போட்டது, லீவே கேட்காதது, குழாயடியில் நின்றது, அப்பாவைத் தொட அருவருத்தது. சொல்லும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மொத அட்டையில என்ன வந்துச்சு?" என்றாள்.

சொன்னேன்.

"ரெண்டாவது?"

அதையும் சொன்னேன். மூக்கால் ஒரு மாதிரி சிரித்தாள்.

"விடையப் பாத்துட்டுக் கணக்குப் போட்டிருக்க. என் கிளாஸ்ல இருந்தா முட்டிபோட வெச்சிருப்பேன்."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வலது மார்பு இருந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"அப்பாவத் தூக்குத ஒவ்வொரு தடவயும் இங்கன சுள்ளுனு இழுக்கும். கர்த்தர் பொறுத்துக்கச் சொல்லியிருக்காருன்னு பல்லக் கடிச்சிட்டுத் தூக்குனேன். அவர் சொல்லலியா? நீயாலே சொன்ன?"

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"இப்ப எதுக்குலே இதச் சொன்ன? உனக்கு லேசாயிட்டு. எனக்கு?"

"மன்னிச்சிரு அக்கா."

வெகுநேரம் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரல," என்றாள். "வாயில வரல. ஆட்டோவக் கூப்பிடு."

7

மறுநாள் காலையில் அவளாகவே எழுந்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். அத்தானிடம் ராத்திரியே சொல்லியிருப்பாள் போல, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலில் நானும் அக்காவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளைப் போலக் கீழே உட்கார முடியாதவர்களுக்கு இப்போது நடுவில் சில பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள்.

திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். எங்கள் வரிசை வந்தது. அத்தான் போனார். நான் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை, மற்றவர்கள் போவதற்காக முழங்காலை ஒதுக்கிக்கொடுத்தாள். நடக்க முடியாதவர்களுக்கு ஐயர் இருந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். பீடத்திலிருந்து இறங்கி, அப்பமும் பாத்திரமுமாக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இன்னைக்கு வேண்டாம் ஐயரே."

ஐயர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோயில் முழுக்கப் பார்த்தது. சாகப்போகிற பொம்பளை திருவிருந்தை வேண்டாம் என்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

என் பாவத்தை அறிக்கையிட்டேன், அதற்கு அவள் பட்டினி கிடந்தாள். எத்தனை ஞாயிறு அவளுக்கு மிச்சம் இருக்கிறதோ, அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

மிச்ச நாட்களில் அவள் பேசாமல் இருக்கவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரையை எடு, ஃபேனைக் குறை என்று பேசினாள். அது மட்டும் பேசவில்லை. காலை ஜெபத்துக்கு வேதபுத்தகத்தைத் திறந்து, வெறுமனே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கிளம்புகிற அன்று அந்த லேமினேட் அட்டையை என் சட்டைப் பையில் வைத்தாள்.

"இத நீ கொண்டு போயிரு. எனக்கு வேண்டாம்."

அத்தான் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை ஏற்றிவிட்டார். "பாத்துப் போயிட்டு வாங்க," என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை மாப்ளே, வா, போ என்று கூப்பிடுகிறவர் அவர்.

8

வின்னிபெக்குக்குத் திரும்பி வந்ததும் எஸ்தரிடம் சொன்னேன், அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவள் ஏதோ கேட்க வந்து, கேட்காமல் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இந்த வீட்டில் அவள் எனக்கு டீ போட்டது அதுதான் முதல் தடவை. சர்க்கரை போட மறந்துவிட்டாள். அப்படியே குடித்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனதும் மூன்று மாதச் சம்பளமில்லா லீவுக்கு விண்ணப்பித்தேன். கம்ப்யூட்டரில் ஒரு படிவம். காரணம் என்ற கட்டத்தில், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன். கீழே ஒரு பொத்தான். அழுத்திவிட்டு, கருவிப் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது. மேனேஜர் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார், குடும்பத்தைப் பார், வேலை எங்கேயும் போகாது என்று. ஐந்து வருடத்துக்கு முன்னும் இதே மேனேஜர்தான், இதே படிவம்தான். வேனுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்காவிடம் இதைச் சொல்லப் பயமாக இருந்தது. வராதே என்று சொல்லிவிட்டால்? தினமும் அத்தானுக்குப் போன் போட்டு மருந்தை விசாரித்தேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு. இங்கே காலை எட்டு மணி, அங்கே சாயங்காலம். தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் நம்பர். அவள் என்னைக் கூப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏலே."

"சொல்லுக்கா."

"இன்னைக்குப் போனேன்."

பின்னால் அத்தான் யாரிடமோ, இல்லை, அவளிடம்தான், "மாப்ளே சாப்பிட்டாரான்னு கேளு," என்று சொல்வது கேட்டது.

"அக்கா, மூணு மாசம் லீவு போட்டிருக்கேன். வரட்டுமா?"

"அட்டை ஏதும் எடுத்தியாலே?"

"இல்லக்கா."

"அப்ப வா."